எந்த வருசம் பாஸ் அவுட்?

திருவெறும்பூர்ப் பக்கம் இரண்டு பேர் புதிதாக அறிமுகமானால், பேருக்கும் ஊருக்கும் அடுத்து ஒரு கேள்வி வரும். "எந்த வருசம் பாஸ் அவுட்?" எங்கே படித்தீர்கள், என்ன படித்தீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சில சமயம் வராமலே போய்விடும். வருசத்தைச் சொன்னால் போதும், கேட்டவர் மனசுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்.

அந்த ஊருக்கு இந்தக் கேள்வி பொருந்தும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் அரசு ஐ.டி.ஐ., பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடியில் என்.ஐ.டி. என்று எல்லாம் சில மைல்களுக்குள் அடங்கிவிடும். தேவர்கள் எறும்பு உருவெடுத்து மலையேறி ஈசனை வழிபட்டார்கள் என்று தலபுராணம் சொல்லும் ஊர் அது. காலை ஷிப்ட் நேரத்தில் கேட்டுகளுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புராணத்தை நம்புவதில் பெரிய சிரமம் இருக்காது. ஊரே ஏதோ ஒரு கேட்டுக்குள் போவதும் ஏதோ ஒரு கேட்டிலிருந்து வெளியே வருவதுமாக இருக்கும்.

ஆனால் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் தப்பு என்று ஒரு கூட்டம் சொல்லும். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது, குடித்துவிட்டு நினைவிழப்பது. ஆகவே "நான் 2012இல் என்.ஐ.டி.யில் பாஸ் அவுட் ஆனேன்" என்றால் 2012இல் அங்கே மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். இந்த ஜோக்கை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். 'இந்தியர்கள் செய்யும் 10 தவறுகள்' பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அமெரிக்க அணியோடு பேசும் முதல் காலில் இப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கால் முடிந்ததும் மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "கிராஜுவேட்டட்னு சொல்லுப்பா" என்று திருத்தினார். பையன் முகம் சுருங்கிப்போனது. அப்போதிருந்தே இந்தச் சொல்லின் கதையைச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஏனென்றால் அவன் சொன்னது தப்பில்லை. சிரித்தவர்களின் அர்த்தம்தான் புதுசு.

'பாஸ்' என்ற வினையின் வேர் லத்தீனில் காலடியைக் குறிக்கும் 'பாஸுஸ்'. ஓர் அடி எடுத்து வைப்பது, கடப்பது, தாண்டுவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதில் நடைதான் இருந்தது. துறைமுக வாசலைத் தாண்ட பாஸ்போர்ட். காவலைத் தாண்ட பாஸ்வேர்ட். தேர்வைத் தாண்டுவது என்ற அர்த்தம் இதிலிருந்து கிளைத்தது. 'அவுட்' சேர்ந்தபோது நடைக்கு ஒரு திசை கிடைத்தது, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவக் கல்லூரிகளில் உள்ளே வர ஒரு தேர்வு இருந்தது, வெளியே போக ஒரு தேர்வு இருந்தது. வெளியே போகும் தேர்வைத் தாண்டுவதுதான் பாஸ் அவுட். மயக்கம் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பரவியது. பிரிட்டனில் பழைய பொருள் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அங்கே போலீஸ்காரர்களும் தீயணைப்புப் படையினரும் பயிற்சி முடிந்து 'பாஸ் அவுட்' ஆகிறார்கள், அதற்கு அணிவகுப்பும் நடக்கிறது. பரேடில் யாரும் மயங்கி விழுவதில்லை. வெயில் காலத்தில் ஒன்றிரண்டு பேர் விழலாம், அது வேறு கதை.

இந்தச் சொல்வழக்கு வளர்ந்த கல்லூரிகளில் ஒன்றுக்கும் திருச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1809இல் லண்டனுக்குத் தெற்கே, கிராய்டன் பக்கம் அடிஸ்கோம்ப் என்ற இடத்தில் தனக்கென்று ஒரு ராணுவக் கல்லூரி தொடங்கியது. கம்பெனிப் படைக்கு அதிகாரிகளைத் தயார் செய்வது வேலை. பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் சேருவார்கள். கணிதம், கோட்டை கட்டுதல், நில அளவை, கொஞ்சம் இந்துஸ்தானி. முடிவில் ஒரு பெரிய தேர்வு. அதில் எந்த இடம் வாங்குகிறாய் என்பது வாழ்நாளைத் தீர்மானித்தது. மேலே இருப்பவர்கள் இன்ஜினியர்கள், அடுத்தவர்கள் பீரங்கிப் படை, மிச்சம் இருப்பவர்கள் காலாட்படை. கேம்பஸ் பிளேஸ்மெண்டின் ஆதி வடிவம் என்றே சொல்லலாம். கோர், ஐ.டி., மிச்சம்.

1818இல் அங்கே சேர்ந்து, அடுத்த ஆண்டே மதராஸ் இன்ஜினியர் படைப்பிரிவுக்குத் தேர்வானவர் ஆர்தர் காட்டன். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பில் 1830களில் மேலணை கட்டியவர். திருச்சிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் அதே அணைதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, 'அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கட்டினது' என்று ஊரே பேசியது. அந்த வெள்ளைக்காரரிடம் இன்று நாம் கேட்கும் அர்த்தத்தில் ஒரு பட்டம் இல்லை. பி.இ. இல்லை, பர்சண்டேஜ் இல்லை. ஒரு கேட்டிலிருந்து வெளியே வந்ததும் இன்னொரு கேட் அவருக்காகத் திறந்து கிடந்தது. அடிஸ்கோம்ப் 1861இல் மூடப்பட்டது. சொல் மட்டும் கப்பலேறி வந்து இங்கே தங்கிவிட்டது.

ராணுவத்தில் அது இன்னும் கம்பீரமாகவே இருக்கிறது. டேராடூனில் 1932 முதல் இந்தியன் மிலிட்டரி அகாடமி. சென்னைப் பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இப்போது அதற்கு அகாடமி என்று பெயர். பரங்கிமலையில் 'பாஸிங் அவுட் பரேட்' நடக்கும் மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரனின் பெயர். 1972இல் அங்கிருந்து வெளியே வந்தவர், 1987இல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது இறந்தார், பரம் வீர் சக்ரா பெற்றவர். அணிவகுப்பின் முடிவில் பயிற்சி முடித்தவர்கள் மெதுநடையில் ஒரு கோட்டைத் தாண்டுவார்கள். அதற்கு இந்தியில் 'அந்திம் பக்' என்று பெயர். கடைசி அடி. லத்தீன்காரன் வைத்த காலடி இரண்டாயிரம் வருசம் சுற்றி இங்கே மறுபடியும் காலடியாகவே வந்து நிற்பது எனக்குப் பிடித்த விஷயம். தமிழ் நாளிதழ்கள் இதை 'பயிற்சி நிறைவு அணிவகுப்பு' என்று எழுதும். பொருள் சரி, நடை போய்விட்டது.

ராணுவத்திலிருந்து கல்லூரிக்கு இந்தச் சொல் தாவியதில் ஆச்சரியம் இல்லை. இந்தியாவில் பொறியியல் கல்வியே ராணுவத்தின் நிழலில் முளைத்தது. கிண்டி கல்லூரியின் தொடக்கம் 1794இல் மைக்கேல் டாப்பிங் ஆரம்பித்த நில அளவைப் பள்ளி. கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டும், அதற்காகப் பையன்களைப் பிடித்துப் பழக்கினார்கள். ரூர்க்கி 1847. அங்கெல்லாம் பாடம் நடத்தியவர்களில் பலரும் சீருடைக்காரர்கள். அவர்கள் பேச்சில் இருந்தது மாணவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழா என்று தனியாக ஒன்று நடத்தும், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு. இன்ஜினியரிங் படித்தவனுக்கு அது இரண்டாம்பட்சம். ஹாஸ்டலைக் காலி பண்ணி டிரங்குப் பெட்டியோடு கேட்டைத் தாண்டிய நாள்தான் கணக்கு.

சரி, ஆங்கிலத்தில் இருந்தது தமிழுக்குள் வந்தபோது என்ன ஆனது? இங்கேதான் எனக்கு சுவாரசியம் கூடுகிறது.

தமிழில் 'பாஸ்' ஜெயிப்பது. 'அவுட்' தோற்பது. கிரிக்கெட்டில் அவுட். கொஸ்டின் பேப்பர் அவுட். டாஸ்மாக் வாசலில் ஒருவன் கிடந்தால் "ஆளு அவுட்டு". தனித்தனியாக நேரெதிர்த் திசையில் போகும் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்தால் என்ன வர வேண்டும்? ஜெயித்துத் தோற்றவன் என்றா? தமிழன் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. இரண்டையும் ஒட்டி ஒரே பெயர்ச்சொல்லாக ஆக்கிவிட்டான். செட்டப், பில்டப், கெட்டப், பேக்கப் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் வினையாக இருப்பதை அப்படியே உறைய வைத்து, பின்னால் நம்முடைய வினையை ஒட்டுவோம். செட்டப் பண்ணு, பில்டப் குடு, பேக்கப் ஆகு.

எந்த வினையை ஒட்டுகிறோம் என்பதைக் கவனித்துப் பாருங்கள். "பரீட்சை பாஸ் பண்ணிட்டான்" என்போம். அதில் செய்தவன் இருக்கிறான். உட்கார்ந்து படித்தான், எழுதினான், பாஸ் பண்ணினான். ஆனால் "பாஸ் அவுட் பண்ணிட்டான்" என்று சொல்பவர்கள் குறைவு. "பாஸ் அவுட் ஆயிட்டான்" என்பதுதான் வழக்கு. கல்யாணம் ஆவது போல, வயசு ஆவது போல, லேட் ஆவது போல. நான்கு வருசம் ஓடினால் தானாக நடக்கும் ஒன்று. காலம் அவனை வெளியே தள்ளுகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவில்லை இது, ஆனால் லட்சம் வாய்கள் தேர்ந்த ஒரு இலக்கணம்.

தமிழிலும் திசையும் வினையும் சேர்ந்த சொற்கள் நிறைய உண்டு. வெளியேறு, உள்வாங்கு, மேற்கொள், கீழிறங்கு. நமக்குத் திசை முன்னால், செயல் பின்னால். ஆங்கிலத்தில் செயல் முன்னால், திசை பின்னால். 'வெளியேறினான்' என்று பாஸ் அவுட்டைச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொண்டு போனது மாதிரி இருக்கும். 'தேறினான்' என்ற சொல்தான் நமக்குப் பொருத்தமானது, நல்ல சொல்லும்கூட. என் பாட்டி காலத்தில் பரீட்சையில் பாஸானால் "தேறிட்டான்" என்பார்கள். காய்ச்சலில் படுத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தாலும் "தேறிட்டான்" என்பார்கள். பாருங்கள், ஆங்கிலத்தில் படிப்பு முடிப்பதற்கும் மயங்கி விழுவதற்கும் ஒரே சொல். தமிழில் பரீட்சை தாண்டுவதற்கும் நோயிலிருந்து எழுந்திருப்பதற்கும் ஒரே சொல். இதை வைத்து மொழிப்பெருமை பேசப் போவதில்லை, ஆனால் சொல்லாமல் போகவும் மனசு வரவில்லை.

திருக்குறளில் 'தேறு' என்றால் ஒருவரைச் சோதித்துப் பார்த்து நம்புவது. 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அரசன் வேலைக்கு ஆள் எடுப்பது பற்றியது. ஆளை எதையெதை வைத்துச் சோதிக்க வேண்டும், சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும், நம்பிய பிறகு சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்று பத்துக் குறள். அதில் தேற வேண்டியவன் அரசன். ஆளைப் பார்த்து, ஆராய்ந்து, தெளிய வேண்டிய பொறுப்பு வேலை கொடுப்பவனுக்கு. பிற்காலத்தில் எழுவாய் இடம் மாறி, தேற வேண்டியவன் மாணவன் ஆனான். பாஸ் அவுட் வந்தபோது அரசனுடைய வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. ஆளைப் பார்க்க வேண்டாம், வருசத்தைப் பார்த்தால் போதும். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன்னால் திருவெறும்பூர். அந்த வட்டாரம் ஒரே மூச்சில் எழும்பியது. 1964இல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி. ஆர்.இ.சி. என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும், 2003இல்தான் அது என்.ஐ.டி. ஆனது. முதல் முதல்வர் மணிசுந்தரம், பின்னாளில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தர். 1965இல் செக்கோஸ்லோவாகிய உதவியோடு பெல்லின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை. பக்கத்திலேயே பொன்மலையில் 1920களிலிருந்து ரயில்வே பணிமனை. அதுவரை கம்பும் சோளமும் விளைந்த பொட்டலில் மூன்று வருசத்துக்குள் இத்தனை கேட்டுகள். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் தெருவெல்லாம் மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சினிமா. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது தனி நாடு.

எங்க பெரியப்பா 1974இல் ஐ.டி.ஐ. முடித்தவர், ஃபிட்டர். அவர் பாஸ் அவுட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எழுபத்திநாலுல வெளிய வந்தேன், எழுபத்தஞ்சுல உள்ள போனேன்" என்பார். வெளியே வந்தது ஐ.டி.ஐ. கேட். உள்ளே போனது பெல் கேட், அப்ரண்டிஸாக. அவர் தலைமுறைக்கு இந்த இரண்டு சொற்களும் ஜோடி. "அவன் பையன் உள்ள போயிட்டானா?" என்று டீக்கடையில் கேட்டால் எந்த 'உள்ள' என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்கே ஒரு உள்ளேதான். ஒரு சின்னத் திருத்தம், ஆலைக்குள் போனவர்களுக்கு நடுவிலும் கோடுகள் இருந்தன. ஐ.டி.ஐ.யிலிருந்து வந்தவர் மெஷினில் நிற்பார், பாலிடெக்னிக்கிலிருந்து வந்தவர் சூப்பர்வைசர், ஆர்.இ.சி.யிலிருந்து வந்தவர் கேபினுக்குள். பெரியப்பாவை விடப் பத்து வயது சின்னவர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், இவர் "சார்" என்பார். எந்த கேட்டிலிருந்து பாஸ் அவுட் என்பது கேண்டீனில் எந்த மேஜை என்பது வரைக்கும் போகும். அதையும் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்குவது சரியில்லை.

வெளியே வருவதற்கும் உள்ளே போவதற்கும் இடையில் ஒரு சட்டம் உட்கார்ந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். பெரிய ஆலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்றது. 1973இல் பட்டதாரி, டிப்ளமா இன்ஜினியர்களும் அதற்குள் வந்தார்கள். ஆனால் அதன் 18ஆம் பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட்டது. 22ஆம் பிரிவு, பயிற்சி முடிந்தவருக்கு வேலை தர வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை என்றது. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. பெரியப்பா காலத்தில் இந்த 22ஐ யாரும் படித்துப் பார்க்கவில்லை. ஆலை வளர்ந்துகொண்டிருந்தது, நாடெங்கும் அனல் மின்நிலையங்கள் வந்துகொண்டிருந்தன, கொதிகலன் செய்ய ஆள் வேண்டும். பழகினவர்களை எடுத்துக்கொண்டார்கள். சட்டம் கதவை மூடியே வைத்திருந்தாலும் பழக்கம் அதைத் திறந்து வைத்தது.

பழக்கம் நின்றபோதுதான் சட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. முன்னுரிமைதான், உரிமை கிடையாது. 2014இல் 22ஆம் பிரிவைத் திருத்தி, பழகுநர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பொன்மலைப் பணிமனையில் பழகுநர் பயிற்சி முடித்த பையன்கள் வேலை கேட்டு வாசலில் உட்கார்ந்த போராட்டங்கள் திருச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் இரண்டு முறை பாஸ் அவுட் ஆனவர்கள். ஐ.டி.ஐ.யிலிருந்து ஒரு தடவை, பணிமனையிலிருந்து ஒரு தடவை. வெளியே வந்தது இரண்டு, உள்ளே போனது பூஜ்யம்.

'அவுட்' தன் ஜோடியை இழந்த இந்தக் காலத்தில்தான் 'பாஸ் அவுட்' இன்னொரு வேலையை எடுத்துக்கொண்டது. வினையாக இருந்தது ஆளாக மாறியது. "அவன் 2009 பாஸ் அவுட்." "2015, 2016 பாஸ் அவுட்ஸ் மட்டும் விண்ணப்பிக்கவும்." முன்பு ஒருவர் செய்த காரியம், இப்போது ஒருவரின் பெயர். மாத்திரை அட்டையில் தயாரித்த மாதம் அச்சடித்திருப்பது போல. அச்சடித்தால் காலாவதியும் கூடவே வந்துவிடும்.

இதை நான் தொழிலில் தினமும் பார்க்கிறேன். இன்டர்வியூ பேனலுக்கு எச்.ஆர். அனுப்பும் எக்செல் ஷீட்டில் ஒரு காலம் இருக்கும், ஒய்.ஓ.பி. என்று தலைப்பு. இயர் ஆஃப் பாஸிங். ஃபில்டர் போட்டால் இரண்டு வருசம் மட்டும் நிற்கும், மிச்சப் பெயர்கள் மறைந்துவிடும். அழிவதில்லை, மறைகின்றன. வரிசை எண் 14க்குப் பிறகு 61 என்று தாவும்போது மட்டும் இடையில் யாரோ இருந்தார்கள் என்று தெரியும். ஏன் இந்த ஃபில்டர் என்று ஒரு தடவை கேட்டேன். "மூணு வருசம் வேலை கிடைக்கலன்னா ஏதாவது காரணம் இருக்கும்ல?" என்றார்கள். காரணம் இருக்கத்தான் செய்கிறது. 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு வங்கி விழுந்தது என்பது ஒரு காரணம். 2009இல் பாஸ் அவுட் ஆனவர்கள் கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலருக்கு அந்தத் தேதி வரவே இல்லை. அடுத்த வருசம் சந்தை நிமிர்ந்தபோது கம்பெனிகள் 2010 ஆட்களைக் கேட்டன. ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஒரே வாத்தியார். ஒரு வருசம் முன்னால் பிறந்ததுதான் குற்றம்.

பிறகு 2020. கொரோனா. ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ். ஆகஸ்டில் தமிழக அரசு இன்னும் ஒரு படி போய், கல்லூரிகளில் அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், தேர்ச்சி என்று அறிவித்தது. இறுதிப் பருவத் தேர்வுக்கு மட்டும் விலக்கு. முதல்வரை வாழ்த்திச் சுவரொட்டிகள், பேனர்கள், மீம்ஸ். ஒரு வாரம் தமிழ்நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் எதிர்த்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 'ஆல் பாஸ்' என்ற சொல் ஒரு தலைமுறையின் நெற்றியில் ஒட்டிவிட்டது. அரியரே இல்லாமல் படித்தவன், வீட்டில் ஒரே போனை அக்காவோடு பங்குபோட்டு ஆன்லைன் வகுப்பு கேட்டவன், எல்லோருமே ஆல் பாஸ்.

2021 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கி மதுரையில் நேர்காணல் நடத்துவதாக நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. பட்டதாரிகள் வரலாம். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: 2021இல் பாஸ் அவுட் ஆனவர்களுக்குத் தகுதி இல்லை. விளம்பரம் வாட்ஸப்பில் பறந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வங்கி அது அச்சுப்பிழை என்று வருத்தம் தெரிவித்து, 2021 ஆட்களும் வரலாம் என்று திருத்தியது. அச்சுப்பிழையாகவே இருக்கட்டும். ஆனால் அதைப் படித்தவர்களில் ஒருவர்கூட முதல் பார்வையில் அதை அச்சுப்பிழை என்று நினைக்கவில்லை. "அப்படித்தான் போடுவானுங்க" என்றுதான் நினைத்தார்கள். அந்த விளம்பரத்தில் என்னை நிறுத்தியது இந்த விஷயம்தான். எல்லோர் மனதிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரை யாரோ கைதவறி அச்சில் ஏற்றிவிட்டது போல இருந்தது.

பெரியப்பாவின் பேரன் அந்த 2021காரன். தாத்தா படித்த அதே தொழில், ஃபிட்டர். ஐ.டி.ஐ.க்காரர்களுக்கு ஆல் பாஸே கிடையாது, அவர்கள் தேர்வு எழுதித்தான் வந்தார்கள். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. வருசத்தைச் சொன்னதும் "ஓ, கொரோனா பேட்சா?" என்பார்களாம். அப்ரண்டிஸ் அறிவிப்புகள் வரும்போதெல்லாம் முதலில் அவன் பார்ப்பது எந்தெந்த வருசம் என்பதைத்தான். பெரும்பாலான அறிவிப்புகளில் கடைசி சில வருசங்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரு வருசம் கீழே உதிரும். 2021 கொஞ்ச நாள் ஓரத்தில் தொங்கியது, பிறகு உதிர்ந்தது.

இதற்கிடையில் ஊரும் மாறியிருந்தது. பெல்லை நம்பி துவாக்குடி வட்டாரத்தில் எழும்பிய ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2010களில் கொதிகலன் ஆர்டர்கள் குறையக் குறைய அவற்றில் பல இளைத்தன, சில மூடின. உள்ளே இடம் இல்லையென்றால் பக்கத்துப் பட்டறை என்று இருந்த இரண்டாவது கதவும் பாதி சாத்திக்கொண்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். இப்போது ஒரு பெரிய தொழிற்சாலைக்குள்ளேயே வேலை பார்க்கிறான், காண்டிராக்டர் மூலமாக. தாத்தா போட்ட அதே மாதிரி சேஃப்டி ஷூ, அதே மாதிரி ஹெல்மெட். ஹெல்மெட்டின் நிறம் மட்டும் வேறு. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், காண்டிராக்ட் ஆளுக்கு ஒரு நிறம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உள்ள போயிட்டேன்னு சொல்லு" என்றேன்.

"உள்ளதான் சித்தப்பா இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே பர்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினான். பிளாஸ்டிக் உறை போட்ட கேட் பாஸ். போட்டோ, பேர், காண்டிராக்டர் பேர், கீழே தேதி. "பாஸ் ஒரு மாசத்துக்குத்தான். முப்பதாம் தேதி ரினிவல்."

பெரியப்பா கையை நீட்டி அட்டையை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு சட்டையில் துடைத்து அவனிடமே கொடுத்தார்.

"நனைஞ்சிடாம வச்சுக்க" என்றார்.